விதைக்குள் வெட்டும் ஒட்டும்: கமக்காரர் கேட்க வேண்டியவை

காணியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் உரத்தின் விலையைப் பற்றியும் பேசிப் பழகிய எமக்கு, பரம்பரையலகு, ஆர்.என்.ஏ. என்ற சொற்கள் தூரத்து விடயங்களாகத் தோன்றலாம். சொந்தக் காணியை விட்டு வெளியேறி, குத்தகை நிலத்திலோ உறவினரின் நிலத்திலோ பயிர் செய்து பிழைத்த குடும்பங்களுக்கு ஆய்வுகூடத்துச் செய்தி எதற்கு என்று எவரேனும் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. இருந்தும் இம்முறை அதைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றுள் விதையும் ஒன்று. பிள்ளையையும் முதியவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர்களால் விதைநெல் மூட்டையையும் சுமக்க முடியவில்லை. விதையை இழந்தவர் அடுத்த போகத்தில் விதையை வாங்குபவராக மாறுகின்றார். கையில் காசும் இல்லையென்றால், கொடுக்கப்படுவதை விதைப்பவராக மாறுகின்றார். ஆகவே நாளை எமக்குக் கொடுக்கப்படக்கூடிய விதை எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதன் மீது உரிமை கொண்டாடுபவர் யார் என்பவற்றை மற்றெவரையும் விட முன்னதாக அறிந்திருக்க வேண்டியவர்கள் நாமே.

விதைக்குள் எழுதப்பட்டிருக்கும் செய்தியை வேண்டிய இடத்தில் வெட்டவும் ஒட்டவும் இன்று முடிகின்றது. இத்தொழினுட்பத்தைக் கண்டு அஞ்சுவதும் பிழை, கைகூப்பி வரவேற்பதும் பிழை என்பது எமது கருத்து. அதை விளங்கிக்கொண்டு, அதன் உரிமையிலும் கட்டுப்பாட்டிலும் கமக்காரருக்குப் பங்கு கேட்பதே சரியான வழி. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழுதான துண்டை வெட்டிப் பொருத்துதல்

நெல்மணி ஒவ்வொன்றிலும் உள்ள கலங்களுக்குள் 12 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றில் ஏ, சி, ஜி, ரி என்று நாம் பெயரிட்டிருக்கும் நான்கு இரசாயன எழுத்துகளால் ஒரு நீண்ட செய்தி எழுதப்பட்டுள்ளது. நெல்லின் முழுச் செய்தியையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் சர்வதேச முயற்சியின் முடிவு 2005ஆம் ஆண்டில் வெளியானது. அதன்படி அச்செய்தி சுமார் 39 கோடி எழுத்துகள் கொண்டது. இச்செய்தியில், ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கட்டளையைத் தாங்கிய பகுதியையே பரம்பரையலகு என்கின்றோம்.

கலம் இக்கட்டளையை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. முதலில் அதை ஆர்.என்.ஏ. என்னும் இழையாகப் பிரதி எடுக்கின்றது. அப்பிரதியைப் பார்த்தே புரதங்களை ஆக்குகின்றது. எடுத்த பிரதியில் வேண்டாத துண்டுகள் பல இடையிடையே கிடக்கும். கலம் அவற்றை வெட்டி அகற்றி, நல்ல துண்டுகளின் முனைகளை ஒன்றோடொன்று பொருத்திய பின்னரே அக்கட்டளை பயன்படும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குழாயை நினைத்துப் பாருங்கள். நடுவில் பழுதான துண்டை அளந்து வெட்டி எறிந்து விட்டு, நல்ல இரு முனைகளையும் இணைக்கின்றோம். வெட்ட வேண்டிய இடத்தைச் சரியாக அறிந்து வெட்டினால் தண்ணீர் தடையின்றி ஓடும். இடம் பிசகினால் ஒழுகும், அல்லது தண்ணீரே வராது. கலத்துக்குள்ளும் இதே கதைதான். வேண்டாத துண்டு எங்கே தொடங்குகின்றது என்பதைக் காட்டும் அடையாளமாக அதன் முதலிரு எழுத்துகள் பெரும்பாலும் ஜி, ரி என அமைந்திருக்கும். கலத்தின் வெட்டும் பொறி அந்த அடையாளத்தைத் தேடியே வருகின்றது.

உயிர்களின் கட்டளை இவ்வாறு துண்டு துண்டாக இருப்பதை 1977ஆம் ஆண்டில் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் றொபேட்ஸ் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. 1993ஆம் ஆண்டில் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் 1982ஆம் ஆண்டில் தோமஸ் செக் என்பவரின் குழு வேறொரு வியப்பைக் கண்டது. நன்னீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஆர்.என்.ஏ. இழை, எந்தப் புரதத்தின் உதவியும் இன்றித் தன்னைத்தானே வெட்டிப் பொருத்திக்கொள்கின்றது என்பதே அது.

எமது சோற்றுப் பானையில் உள்ள சான்று

இதெல்லாம் புத்தகத்துச் செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். இதன் விளைவை நாம் ஒவ்வொரு நாளும் உண்கின்றோம்.

எமது நாட்டு நெல்லினங்களில் பெரும்பாலானவற்றின் சோறு உதிரியாக இருக்கும். யப்பானிலும் சீனாவின் சில பகுதிகளிலும் விரும்பி உண்ணப்படும் அரிசியின் சோறு மென்மையாக ஒன்றோடொன்று ஒட்டும். அரிசி மாப்பொருளில் உள்ள அமைலோசு என்னும் கூறே இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம். அமைலோசு கூடினால் சோறு உதிரும், குறைந்தால் ஒட்டும். அமைலோசை ஆக்கும் நொதியத்துக்கான கட்டளை நெல்லின் 6ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளது.

உதிரும் அரிசியில் இக்கட்டளையின் முதலாவது வேண்டாத துண்டு, வழமைபோல ஜி, ரி என்று தொடங்குகின்றது. ஒட்டும் தன்மையுள்ள அந்த யப்பானிய வகை அரிசியிலோ அந்த ஜி என்ற எழுத்தின் இடத்தில் ரி உள்ளது. 39 கோடி எழுத்துகளில் இந்த ஓர் எழுத்து மாறியதால் வெட்டும் பொறிக்கு இடம் சரியாகத் தெரிவதில்லை. பல பிரதிகள் வெட்டப்படாமலே கிடந்து விடுகின்றன. நொதியம் குறைகின்றது, அமைலோசு குறைகின்றது, சோறு மென்மையாகின்றது. ஆய்வாளர்கள் இதனை 1995ஆம் ஆண்டளவில் விளக்கினர்.

இந்த மாற்றத்தை எந்த ஆய்வுகூடமும் செய்யவில்லை. இயற்கையில் ஒரு செடியில் நேர்ந்த மாற்றம் அது. அச்செடியின் அரிசியைச் சமைத்து, ருசித்து, இது நன்றாக இருக்கின்றது என்று அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைத்தவர்கள் பழங்காலத்துக் கமக்காரர்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும்தான். நிறமூர்த்தம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், வெட்டும் ஒட்டும் மாறிய ஒரு விதையை இனங்கண்டு காத்தவர்கள் அவர்கள். இந்த உண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் உரிமை பற்றிப் பேசும்போது இதற்கு மீண்டும் வருவோம்.

வழிகாட்டி இழை

இயற்கையில் ஆயிரத்தில் ஒன்றாக நேரும் மாற்றத்தை, நாம் நினைத்த இடத்தில் நேரச் செய்ய முடியுமா? முடியும் என்பதே இன்றைய நிலை. அதற்குப் பயன்படும் கருவியின் முக்கிய பாகம் வழிகாட்டி ஆர்.என்.ஏ. எனப்படும் சிறு இழை.

காணி உறுதியில் வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை என்று எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். அந்த எல்லைகளைக் கொண்டு நூறு காணிகளுக்குள் எமது காணி எது என்று கண்டுகொள்கின்றோம். வழிகாட்டி இழையும் அப்படிப்பட்டதே. அதில் உள்ள சுமார் 20 எழுத்துகள், 39 கோடி எழுத்துகளுக்குள் தனக்குப் பொருத்தமான ஓர் இடத்தைத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். அதனோடு கூடவே செல்லும் புரதம் அவ்விடத்தை வெட்டும். பற்றீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரசுகளை வெட்டி எறிய இம்முறையைக் கையாள்கின்றன. 2012ஆம் ஆண்டில் இம்மானுவேல் சார்ப்பென்ரியே, ஜெனிபர் டௌட்னா ஆகிய இரு பெண் விஞ்ஞானிகளும் அவர்களுடைய உதவியாளர்களும் இதை மனிதர் விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினர். 2020ஆம் ஆண்டில் இருவரும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். நெல்லில் இக்கருவி 2013ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தப்பட்டு விட்டது.

2016ஆம் ஆண்டின் பின்னர், இழையை முற்றாக அறுக்காமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கருவிகளும் வந்துள்ளன. வேண்டாத துண்டின் எல்லையைக் காட்டும் அந்த ஓர் எழுத்தை மாற்றினால், செடி தன் கட்டளையை வெட்டிப் பொருத்தும் முறையே மாறும். சீன ஆய்வாளர்கள் இதனை 2018ஆம் ஆண்டில் செடிகளில் செய்து காட்டினர். 2022ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு சீன ஆய்வு, மேலே நாம் கண்ட அமைலோசு கட்டளையையே எடுத்துக்கொண்டது. சரியாக வெட்டப்படாமல் தொல்லை தரும் அந்த முதலாவது துண்டை, வழிகாட்டி இழைகளைக் கொண்டு நெல்லின் நிறமூர்த்தத்திலிருந்தே அகற்றி விட்டனர். அகற்றியதும் அமைலோசு சுமார் 13 வீதத்திலிருந்து சுமார் 24 வீதமாக உயர்ந்தது. மென்சோற்று நெல் ஒன்றின் இயல்பு உதிரிச்சோற்று நெல்லின் இயல்பை நெருங்கியது.

மற்றொரு வழி, நிறமூர்த்தத்தைத் தொடாமல் ஆர்.என்.ஏ. பிரதியிலேயே கை வைப்பது. கலங்களை ஒரு பொறியைப் போல வேண்டியவாறு அமைக்க முயலும் தொகுப்பு உயிரியல் என்னும் துறை இதில் ஈடுபட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் ஹியூஸ்ரன் நகரில் உள்ள றைஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், தன்னைத்தானே வெட்டிப் பொருத்தும் அந்த நன்னீர் நுண்ணுயிரின் இழையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வழிகாட்டி இழையை இணைத்தனர். பற்றீரியாக் கலத்துக்குள் தேடப்படும் ஆர்.என்.ஏ. இருந்தால் இரு வழிகாட்டிகளும் அதனைப் பற்றும். இரு பாதிகளும் ஒன்றுசேரும். வெட்டிப் பொருத்தும் வேலை நடக்கும். அதன் பயனாகக் குறித்த புரதம் ஒன்று ஆக்கப்படும். இந்த ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு கலத்துக்குள் என்ன நடக்கின்றது என்பதை அறிந்து, அதற்கேற்ப வேலை செய்யும் காவலாளியை ஒத்தது இது. இன்று பற்றீரியாவில் நடப்பது பயிருக்கு வருமா என்பது இனித்தான் தெரிய வேண்டும்.

நன்மையும் விலையும்

இத்தகைய அறிவால் நன்மை வரும் என்பதற்கு மருத்துவத் துறையில் தெளிவான சான்று உண்டு. முள்ளந்தண்டுத் தசைநலிவு என்னும் பரம்பரை நோய் கொண்ட குழந்தைகளில் பலர் முன்னர் இரண்டு வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. அவர்களுடைய கலங்களில் ஒரு கட்டளை பிழையாக வெட்டிப் பொருத்தப்படுவதை, ஆர்.என்.ஏ.யை ஒத்த 18 எழுத்துக் குறுந்துண்டு ஒன்றினால் திருத்தலாம் என்று கண்டனர். நுசினேர்சன் என்ற அந்த மருந்து 2016ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. மடியிலேயே கிடக்க வேண்டியிருந்த குழந்தைகள் சிலர் உட்காரவும் நிற்கவும் தொடங்கினர்.

ஆனால் அதற்குக் குறிக்கப்பட்ட விலை முதலாம் ஆண்டுக்கு மட்டும் 750,000 அமெரிக்க டொலர். 18 எழுத்துகளுக்கு இந்த விலை. நோயாளியின் தேவையும் மருந்தை ஆக்கும் செலவும் மட்டும் சேர்ந்து இத்தொகையைத் தீர்மானிக்கவில்லை. உரிமையை வைத்திருப்பவரின் பலமும் அதனைத் தீர்மானிக்கின்றது. விதைக்கும் இதே நிலை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கும் கடமை எமக்கு உண்டு.

வெட்டும் கருவியின் மீதான ஆக்கவுரிமை, அதாவது ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாதபடி தடுக்கும் உரிமை, யாருக்கு என்று ஐக்கிய அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆராய்ச்சி நிறுவனங்கள் பல ஆண்டுகள் வழக்காடின. 2017ஆம் ஆண்டில், உலகின் மிகப் பெரிய விதைக் கம்பனிகளில் ஒன்று, பயிர்களில் இக்கருவியைப் பயன்படுத்தும் அனுமதியை அந்நிறுவனங்களில் ஒன்றுடன் கூட்டாக வழங்கத் தொடங்கியது. இலாப நோக்கற்ற ஆய்வுக்குக் கட்டணம் இல்லை என்றனர். ஆய்வு முடிந்து விதை சந்தைக்கு வரும்போதுதான் கணக்குத் தொடங்கும்.

அயல்நாடான இந்தியா 2022ஆம் ஆண்டில், வெளி உயிரின் பரம்பரையலகு எதுவும் எஞ்சியிராத இத்தகைய பயிர்களைக் கடுமையான சில விதிகளிலிருந்து விலக்கியது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வகையான இரு நெல்லினங்களை அறிவித்தது. சம்பா மசூரியிலிருந்து ஆக்கப்பட்ட கமலா என்ற இனம் 19 வீதம் கூடுதல் விளைச்சல் தரும் என்றும், சுமார் 20 நாள் முன்னதாக முற்றும் என்றும் அரச ஆய்வாளர் கூறினர். தண்ணீர் குறைந்த இடத்தில் 20 நாள் என்பது சிறிய விடயமல்ல. அதே வேளையில் கருவியின் ஆக்கவுரிமை யாரிடம் உள்ளது, விதை நாளையும் கமக்காரரிடம் இருக்குமா, பரிசோதனைத் தரவுகள் எங்கே என்று அந்நாட்டு விவசாய அமைப்புகள் சில கேள்வி எழுப்பின. விளைச்சலை வரவேற்பவரும் இக்கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது எதிர்ப்பாகாது.

எது நல்லது என்று அறிந்தது யார்?

வழிகாட்டி இழைக்கு இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியும். அந்த இடத்தில் எந்த மாற்றம் பசியைத் தீர்க்கும், எது உவரைத் தாங்கும், எது பூச்சிக்கு மசியாது என்பது அதற்குத் தெரியாது. அந்த அறிவு வயலில் பிறந்தது. ஆய்வாளர் தேடிச் செல்வதும் அதனையே.

அறக்கொட்டியான் என்று எமது கமக்காரர் அழைக்கும் கபில நிறத் தத்தி எவ்வளவு நாசம் செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கிழமைக்குள் பச்சை வயலை எரிந்த வயலாக்கிவிடும். இப்பூச்சியை எதிர்த்து நிற்கும் நெல்லினங்களில் உலக ஆய்வாளர் மிகவும் மதிப்பது ரத்து ஹீனட்டி என்ற எமது தீவின் பழைய சிவப்பு நெல். அதன் எதிர்ப்புச் சக்திக்குக் காரணமான பரம்பரையலகுகளைச் சீன ஆய்வாளர் பிரித்தெடுத்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த நெல்லை எத்தனையோ தலைமுறைகளாகக் கைவிடாமல் விதைத்து வந்த சிங்களக் கமக்காரர் இல்லையென்றால், பிரித்தெடுக்க அங்கே எதுவும் இருந்திராது. இந்த விடயத்தில் வடக்கின் கமக்காரரும் தெற்கின் கமக்காரரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறர் காத்த விதைக்கு உரிமை கொண்டாட முயன்ற வரலாறும் உண்டு. 1997ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலக் கம்பனி ஒன்று பாஸ்மதி நெல்வகைகள் சிலவற்றின் மீது ஆக்கவுரிமை பெற்றது. இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அதனை எதிர்த்தது. அதன் பின்னர் கம்பனியின் கோரிக்கைகளில் பெரும்பாலானவை நீங்கின. எழுத்தில் இருந்த பழைய பதிவுகளும் ஆய்வுக் குறிப்புகளும் அந்த எதிர்ப்புக்குப் பலம் கொடுத்தன. பதிவு இல்லாத விதைக்கு யார் சாட்சி சொல்வார்?

எமது நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் எமக்குச் சாதகமான ஓர் இடத்தைத் தந்துள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களை ஆக்கவுரிமைக்கு உட்பட்டவையாக ஏற்பதில்லை. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட கமக்காரர் உரிமைப் பிரகடனமும், தாம் விளைவித்த விதையைச் சேமிக்கவும் பயன்படுத்தவும் பரிமாறவும் விற்கவும் கமக்காரருக்கு உரிமை உண்டு என்று 19ஆம் உறுப்புரையில் கூறுகின்றது. வர்த்தக ஒப்பந்தம் என்ற பெயரில் இந்த உரிமைகள் விட்டுக்கொடுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது எமது பொறுப்பு.

பயத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்

மாற்றிய விதையை உண்டால் மனிதருக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பேச்சு கிராமங்களில் பரவக்கூடும். இதிலும் நிதானம் தேவை. ஓர் எழுத்து மாறிய நெல்லை ஆசியாவின் கோடிக்கணக்கான மக்கள் காலங்காலமாக உண்டு வருகின்றனர் என்பதை மேலே கண்டோம். மாற்றம் என்பதே நஞ்சாகாது.

உண்மையான ஆபத்துகள் வேறு. முதலாவது, ஒரே மாதிரியான எல்லைகள் கொண்ட இரண்டு காணிகள் இருந்தால் நில அளவையாளர் தடுமாறுவது போல, வழிகாட்டி இழையும் தன் 20 எழுத்துகளை ஒத்த வேறோர் இடத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். அவ்வாறு நேர்ந்ததா என்று ஒவ்வொரு விதையிலும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வெட்டும் ஒட்டும் மாறினால் ஒரே கட்டளையிலிருந்து நாம் எதிர்பாராத புதிய புரதம் உருவாகலாம். அதையும் பரிசோதிக்க வேண்டும். மூன்றாவது, ஆய்வுகூடத்துக்கு அருகில் நன்றாக விளைந்தது என்பதற்காக, உவர் ஏறிய கரையோர வயலிலும் வானம் பார்த்த மானாவாரி நிலத்திலும் அது விளையும் என்று கொள்ள முடியாது. நான்காவது, நல்ல விதை ஒன்று வந்ததும் எல்லோரும் அதையே விதைத்தால், ஒரு புதிய நோய் எல்லா வயல்களையும் ஒரே போகத்தில் அழித்து விடலாம். இது வழிகாட்டி இழையின் குற்றமல்ல. பழைய இனங்களைக் கைவிட்ட இடங்களிலெல்லாம் நேரக்கூடியது.

நாம் செய்யக்கூடியவை

காணி இன்னும் முழுமையாகக் கைக்கு வராத நிலையில் விதையின் உரிமை பற்றிப் பேசுவது, வீடு இல்லாதவரிடம் கதவுக்குப் பூட்டு வாங்கச் சொல்வது போன்றது எனச் சிலர் கூறுவர். காணிக்கான கோரிக்கையை ஒரு நாளும் பின்தள்ள முடியாது என்பதில் எமக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதில் எதை விதைப்போம், அதை அடுத்த ஆண்டு நாமே எடுத்து வைக்கலாமா என்ற கேள்விகள் உடனேயே எழும். அன்றைக்கு விடை தேடத் தொடங்கினால் பிந்திவிடும். இன்றே செய்யக்கூடிய சில காரியங்களை முன்வைக்கின்றோம்.

ஒன்று, எஞ்சியுள்ள பழைய விதைகளைத் தேடுங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களைச் சிறு பாத்தி ஒன்றிலாவது ஒவ்வொரு பெரும்போகமும் விதைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் சில குடும்பங்கள் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் இருக்க வேண்டும். இலாபத்துக்காக அல்லாமல் விதைக்காகச் செய்யும் வேலை இது.

இரண்டு, எழுதி வையுங்கள். இனத்தின் பெயர், எந்த ஊரில் யாரிடம் இருந்து வந்தது, எத்தனை மாதத்து நெல், எந்த மண்ணுக்கு ஏற்றது, எதைத் தாங்கியது, சோறு எப்படி, கஞ்சி எப்படி என்பவற்றை ஒரு கொப்பியில் பதியுங்கள். இவற்றை நன்கு அறிந்தவர்கள் முதியவர்கள். சமையலைப் பொறுத்தவரை அம்மாமார். அவர்கள் சொல்லப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதட்டும். கன்னொறுவையில் 1988ஆம் ஆண்டு முதல் அரசின் பயிர்ப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் நாட்டின் விதைகளைப் பேணி வருகின்றது. எமது பகுதிகளின் இனங்களும் அவற்றின் விபரங்களும் அங்கே உள்ளனவா என்று விவசாயப் போதனாசிரியர் மூலம் கேட்டறியலாம்.

மூன்று, புதிய விதை எவர் மூலம் வந்தாலும், அரசானாலும் தொண்டு நிறுவனமானாலும் கம்பனியானாலும், வாங்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இது எம்முறையில் ஆக்கப்பட்டது? எமது மண்ணிலும் எமது தண்ணீரிலும் எத்தனை போகம் பரீட்சிக்கப்பட்டது? விளைந்ததில் இருந்து விதை எடுத்து வைக்கவும் அயலவருக்குக் கொடுக்கவும் தடை உண்டா? இதன் மீது யாருக்கேனும் ஆக்கவுரிமை உண்டா? விளைச்சல் பொய்த்தால் பொறுப்பு யாருக்கு? இலவசமாகத் தரப்படும் விதைக்கும் இக்கேள்விகள் பொருந்தும். இலவசம் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

நான்கு, இத்தொழினுட்பத்தை அரச ஆய்வு நிலையங்களும் எமது பல்கலைக்கழகங்களும் கற்க வேண்டும் என்று கேளுங்கள். வழிகாட்டி இழையை ஆக்குவது முன்னைய முறைகளை விட எளிது, செலவும் குறைவு. பெரிய கம்பனிகளின் கைக்குள் மட்டுமே அடங்கிக் கிடக்க வேண்டிய கருவி அல்ல இது. உவர் நீர் ஏறிய வயலுக்கும் அறக்கொட்டியானுக்கும் ஏற்ற நெல்லை, எமது கமக்காரரையும் சேர்த்துக்கொண்டு பொதுப் பணத்தில் ஆக்கி, பொதுச் சொத்தாக விட முடியும். அப்படி ஒரு விதை வந்தால் அதை விதைக்க நாம் தயங்க மாட்டோம்.

ஐந்து, பிள்ளைகளை உயிரியல் படிக்க ஊக்கப்படுத்துங்கள். கமக்காரர் வீட்டுப் பிள்ளை ஆய்வுகூடத்துக்குள் சென்றால், வயலில் கேட்கப்பட்ட கேள்வியையும் கொண்டே செல்லும்.

மென்சோற்று நெல்லை முதன்முதலில் எடுத்து வைத்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது. ரத்து ஹீனட்டியைக் காத்தவர்களின் பெயர்களையும் எந்த ஆய்வேடும் சொல்லவில்லை. அவர்கள் உரிமை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை, ஏனெனில் விதை கையிலேயே இருந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. எமது கையில் இருந்த விதை சிதறிவிட்டது. அதன் செய்தியோ பிறருடைய ஏடுகளில் எழுத்தெழுத்தாக ஏறியிருக்கின்றது. ஆகவே எஞ்சிய விதையைக் கையிலும், அதைப் பற்றிய அறிவைப் பதிவிலும், உரிமையைச் சட்டத்திலும் வைத்துக்கொள்ள நாம் ஒன்றுசேர்ந்து முயல வேண்டும். உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள்.